வெந்த இறக்கை

“உப்பு போட்டாச்சா?” என்று கேட்டேன். என் பால் சட்டியில் டிரோனின் நைலான் இறக்கைகளை வேகவைத்துக்கொண்டிருந்தார் கணவர்.

“உனக்கென்ன தெரியும்? நைலான் தண்ணி குடிச்சா வளையும், ஒடியாது.”

“ஒழுங்கா ஓட்டினாலே ஒடியாதே?”

“மட்டமான பிளாஸ்டிக்! வாராவாரம் லேசா இடிச்சாலே ஒடியுது. நான் என்ன பண்ண?”

இறக்கை ஒடிந்த ஞாயிறுகளில்தான் மைதானத்திலிருந்து சீக்கிரம் திரும்பி, பிள்ளையைக் குளிப்பாட்டுவார் இந்த மகாராஜா.

“காஞ்சுபோச்சுன்னா?”

“பழையபடி படக்குனு ஒடியும். அதான் ஈரத்துணியில சுத்தி வைக்கிறேன். உனக்கெதுக்கு இந்த ஆராய்ச்சி?”

“சும்மாதான்.”

அவர் குளிக்கப் போனதும் ஈரத்துணியைப் பிரித்து, ஹேர் டிரையரை ஓடவிட்டேன். போன வாரம்வரை கத்தரிக்கோலால் லேசாகக் கீறிவிட்டாலே போதுமாக இருந்தது.