மெல்லிசுக் கம்பி

“கிடார் கம்பி அறுந்துட்டா கவலையே படாதீங்க,” என்றான் கண்ணமங்கலம் கடைக்காரன். “மிச்சம் அஞ்சையும் சத்தமா அடிங்க. கண்ணை மூடிக்கினு தலையை ஆட்டுங்க, ஃபீலிங்னு நெனச்சுப்பாங்க. யாருக்கு இன்னா தெரியப்போவுது?”

“எம் பொஞ்சாதிக்குத் தெரியும்பா. அந்த மெல்லிசுக் கம்பியையே குடு,” என்றார் அருணகிரி.

வாங்கிக்கொண்டு ஓடியும் மலைமேல் அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தார். தூக்கம் பிடிக்கவில்லை. பொஞ்சாதி அம்சவல்லி சாயந்திரமெல்லாம் காத்திருந்து ஏமாந்திருப்பாளே!

காலையில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்துப் பார்த்து வூட்ல இல்லாம போய்ட்டீங்களே! நம்ம கோகுலு வந்தான். தெனம் ஒரு கம்பியத் தட்டிட்டுப் போயிடுவானே, நேத்து முழுப் பாட்டும் வாசிச்சான்!”

அருணகிரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

மகன் கோகுல்ராஜ் செத்ததிலிருந்து சோறு தொடாமல் கிடந்தாள் அம்சவல்லி. அவளை எழுப்புவதற்காக, பூட்டிய அறையின் பின்ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டு, சாயந்திரமானால் அவன் கிடாரைத் தட்டிக்கொண்டிருந்தவர் அருணகிரிதான். முந்தாநாள் தட்டியதில்தான் கம்பி அறுந்தது.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. புதுக் கம்பியும் சட்டைப் பையில் அப்படியே இருந்தது.