சாவி இல்லாமல் ஓடிய கார்

"ஆஃப் பண்ணு தம்பி! காது கிழியுது!"

"ஆஃப் பண்ணிட்டேண்ணே! சாவி என் கையில இருக்கு, பாருங்க!"

தம்பி காரிலிருந்து குதித்து, சாவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். இன்ஜின் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பதுபோல அதன் அலறல் ஏறிக்கொண்டே போனது. டிரைவர் சீட் காலி. ஆனால் அது குலுங்கிய குலுங்கலில், அதில் ஒரு ஆள் உட்கார்ந்து உடம்பை ஆட்டுவதுபோல் இருந்தது.

பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொட்டி ஒர்க்ஷாப்பை மூடியது. மூலையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று போகும் தடித்த ரப்பர் குழாயை உருவி எறிந்தார். திறந்த வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். கார் முக்கியது, உதறியது, நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது.

"அப்பாதான்டா இது," சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா முணுமுணுத்தாள். "அப்பா இன்னும் வண்டிய விடல."

"சும்மா இரு அக்கா," என்றான் தம்பி. "நான் அப்பவே சொன்னேன், இத காயலான் கடையில எடைக்குப் போட்டுடலாம்னு. நீதான் விலைக்குப் போகும்னே."

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல." மெக்கானிக் கையைத் துடைத்தார். "டர்போ போயிருக்கும்மா. இன்ஜினுக்குள்ள காத்தத் தள்ளுற சின்ன ஃபேன் அது. ஆயில் கசியாம தடுக்கற அதோட சீல் தேஞ்சுட்டா ஆயிலும் காத்தோட சேர்ந்து உள்ள போயிடும். டீசல் வண்டி இல்லையா, அந்த ஆயிலையே குடிச்சுட்டு ஓடும். காத்த அடைச்சாதான் அடங்கும்."

"சாவிய எடுத்தாலும் நிக்காதா?" அக்கா கேட்டாள்.

"இப்பதானம்மா பாத்தீங்க."

"எல்லா வண்டியும் இப்படிப் பண்ணுமா?"

"எங்க! நானே கேள்விப்பட்டதோட சரி. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். வண்டி யாரோடது?"

"அப்பாவோடது," என்றான் தம்பி. "அவர் வாங்கும்போதே பழசு. அவர் போனப்புறம் மாமா வீட்ல சும்மாவே கெடந்துச்சு. விக்கலாம்னு எடுத்தா இழுவையே இல்ல, ஏத்தத்துல விசில் அடிக்குது."

"அப்பா போனது... இந்த வண்டியிலயா?"

தம்பி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தான். மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

இன்ஜின் சூடு ஆறியதும் டர்போவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நத்தை ஓடு மாதிரியான இரும்புக் கூடு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர், புருவத்தைச் சுருக்கினார். மூக்கு நீண்ட குறடால் எதையோ பிடித்து மெல்ல இழுத்தார். ஆயிலில் ஊறிய ஒரு நாடா வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"எலி கூடு கட்டியிருக்கும்," என்றான் தம்பி.

"எலி எங்க தம்பி இவ்வளவு துணியச் சுருட்டித் திணிக்கும்?" அவர் அதை டீசலில் போட்டு அலசினார். கறுப்பு கரைந்து மஞ்சள் வந்தது. மஞ்சளில் சின்னச் சின்ன நீலப் பூக்கள். "இந்த வண்டி முன்னாடியும் ஒரு தடவ இதே ஆட்டம் ஆடியிருக்கு. யாரோ கையில கெடச்சதத் திணிச்சு நிறுத்தப் பாத்திருக்காங்க."

அக்கா கிட்டே வந்தாள். ஈரத் துணியை வாங்கி, விரலால் நீவி விரித்தாள்.

"டேய்," என்றாள். "அம்மாவோட சால்வைடா."

தம்பி அதைத் தொடவில்லை. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அம்மாவா? பலே ஆளுதான்!" மெக்கானிக் வாய்விட்டுப் பாராட்டினார். "அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் நானே ரெண்டு அடி பின்னாடி போனேன். அவங்க கிட்டப் போயி நிறுத்தியிருக்காங்க. ஆனா இதுல கைய விடக்கூடாதும்மா. இந்த ஃபேன் சுத்துற வேகத்துக்கு எலும்பையே சீவிடும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"வலது கையில ரெண்டு விரல் போச்சு," என்றாள் அக்கா. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "கார் கதவுல நசுங்கினதுன்னு சொன்னாங்க."

"யாரு, அம்மாவா சொன்னாங்க?"

"இல்ல. மத்தவங்க."

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சரி, அவங்ககிட்டயே கேட்டா முழுசாச் சொல்லிடப் போறாங்க. அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

அக்கா சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள். டீசல் அவள் உடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜெயில்ல இருக்காங்கண்ணே. மூடுன ஷெட்டுக்குள்ள வண்டிய ஓடவிட்டு அப்பாவப் புகையில கொன்னுட்டாங்கன்னு. 'நான் ஆஃப் பண்ணிட்டேன், அது நிக்கல'ன்னு அவங்க கதறக் கதற, சாவி அம்மா கையிலதான் இருந்துச்சு, நெனச்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்னு கோர்ட்ல சாட்சி சொன்னது நாங்க ரெண்டு பேரும்தான்."