ஒரு கேம் ஆடலாமா தம்பி?

"ஹார்ட்டுங்கற வார்த்தை யாரு வாயிலேருந்தும் வரக்கூடாது. சொல்லிட்டேன்!"

கிள்ளானிலிருந்து ரவாங் போகிற வழி முழுக்க என் தங்கச்சி குமுதா இதையேதான் ஓதிக்கொண்டு வந்தாள். காரை ஓட்டியது நான். பொண்ணு பார்க்கப் போனால் தாய்மாமனுக்கு டிரைவர் வேலையும் சேர்த்துத்தானே! பின் சீட்டில் அவள் மகன் கிஷன்.

விஷயம் இதுதான். இரண்டாவது கோவிட் ஊசி போட்ட சில நாளில் பையனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத் தசையில் லேசான வீக்கமாம்.

"இந்த ஊசியில இது ரொம்ப அபூர்வம். வந்தா இளவட்டப் பசங்களுக்குத்தான் அதிகம் வருது. ரெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா ஆறு மாசம் ஓட்டம், விளையாட்டு எதுவும் கூடாது" என்றார் டாக்டர்.

இப்போது ஆள் நல்லாத்தான் இருக்கிறான். அந்த ஆறு மாசம்தான் இன்னும் முடியவில்லை.

"உள்ளதைச் சொல்லிடலாம்மா" என்றான் கிஷன்.

"ஹார்ட்டுன்னு கேட்டா எவன்டா பொண்ணு குடுப்பான்? வாய மூடிக்கிட்டு வா!"

ரவாங்கில் பொண்ணோட அப்பா திருச்செல்வம் வாசலுக்கே வந்து வரவேற்றார். பொண்ணு தாமரை முகத்தில் மாஸ்க்கோடு டீ கொண்டு வந்தது. பொண்ணு பார்க்கிற அன்றைக்குமா மாஸ்க்கு! குமுதா சொன்ன பிறகுதான் கழற்றியது. கிஷன் அந்தக் கண்ணையே யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கேசரி முடிந்தது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் திருச்செல்வம் எழுந்தார்.

"தம்பி, கோர்ட்டு பக்கத்துலதான். ஒரு கேம் ஆடலாமா? என்கூட பேட்மிண்டன் ஆடாதவனுக்கு நான் பொண்ணு குடுக்கறதில்ல லா!"

மூலையில் சாத்தியிருந்த நீளமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

குமுதாவுக்கு வேர்த்துவிட்டது. "அவனுக்குக் கால் சுளுக்குங்க!"

"நல்லாத்தானே நடந்து வந்தாரு?"

"இப்பத்தான்... வாசல்ல செருப்பக் கழட்டறப்ப..."

நான் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டேன். வேறென்ன செய்ய!

"அப்ப ஓட வேணாம். நின்னுக்கிட்டே அடிக்கட்டும்" என்றார் மனுஷன் விடாமல்.

குமுதா மகன் காதில் குனிந்தாள். "போய் ரெண்டு அடி அடிச்சிட்டு வந்துடுடா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! பிள்ளை உசுரு பெருசா, சம்பந்தம் பெருசா?" என்று பல்லைக் கடித்தேன்.

கிஷன் எழுந்தான்.

"அங்கிள், சுளுக்கெல்லாம் பொய். ஊசி போட்ட பிறகு எனக்கு ஹார்ட்ல வீக்கம் வந்துச்சு. இப்ப பரவால்ல. ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் விளையாடக் கூடாது. மறைச்சதுக்கு மன்னிச்சிடுங்க."

குமுதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் தாமரை வாயைத் திறந்தது.

"இடது பக்கம் சாஞ்சு படுங்க. மூச்சைப் பிடிங்க... விடுங்க."

கிஷன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஆஸ்பத்திரில எனக்கு ஸ்கேன் எடுத்தது... நீங்களா?"

"நாந்தான். அப்ப மாஸ்க் போட்டிருந்தேன். உங்க போட்டோவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நோயாளி விஷயம், வீட்டுல மூச்சு விடல. நீங்களே சொல்லணும்னு காத்திருந்தேன். எனக்குச் சம்மதம்பா."

முந்தானை மெல்ல விலகி, குமுதாவின் ஒரு கண் வெளியே வந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. "அது சரிம்மா, பையன் சொல்லாம ஆடக் கிளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

திருச்செல்வம் சிரித்துக்கொண்டே பையின் ஜிப்பைத் திறந்தார்.

"காரணம் சொல்லல இவ. 'பையனை ஒரு கேம் ஆடக் கூப்பிடுங்கப்பா, கிளம்பினா நான் நிறுத்திக்கறேன்'னு மட்டும்தான் சொன்னா."

பைக்குள் ஒரே ஒரு தூண்டில்தான் இருந்தது.

"எனக்கு பேட்மிண்டன் மட்டையை எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியாது தம்பி!"