ஆறு மணிக்கு மேல்

மணி ஐந்து அடித்ததும் அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். பதினோரு தலைகள் ஒன்றாகத் திரும்பின.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வாரம். தினமும் இதே கூத்துதான்.

"என்னங்க, இன்னைக்கும் அரை நாள் லீவா?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன்.

"இல்லீங்க, முழு நாள் வேலைதான். நான் ஒன்பது மணிக்கே வந்துட்டேன். நீங்க வரும்போது பதினொண்ணு."

அவன் அவசரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

வாசலில் டீம் லீடர் மடக்கினார். ஆபீசே அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடும். யாரும் கேட்காவிட்டாலும் புத்தி சொல்லுவார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இது ஸ்டார்ட்-அப். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யற இடம் இல்ல. அங்க பாருங்க."

கண்ணாடி அறைக்குள் முதலாளி ஸ்கிரீனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அசைய மாட்டார். அவர் எழுந்திரிக்காம இங்க ஒருத்தரும் எழுந்திரிச்சதில்ல, ரெண்டு வருஷமா. நாமெல்லாம் ஒரே குடும்பம்மா."

"குடும்பம் எனக்கு வீட்டுலயும் ஒண்ணு இருக்கே அண்ணா. அதுக்கே நேரம் பத்தல."

பெரியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமையோட உங்க ஒரு மாசம் முடியுது. வெச்சுக்கறதா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் அண்ணா" என்று படியிறங்கினாள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, நாலு இன்டர்வியூவில் 'இந்த ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?' என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல் திரும்பி, ஐந்தாவதாகக் கிடைத்த வேலை இது. இதுவும் போனால் ஆறாவது இடத்தில் யார் கூப்பிடுவார்கள்?

ஆனாலும் அவள் வளைந்து கொடுப்பதாக இல்லை. பழைய கம்பெனியில் ஒருநாள் 'பத்தே நிமிஷம்' என்று உட்கார வைத்தார்கள். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகி, அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் காப்பகம் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே வாட்ச்மேனின் ஸ்டூலில் பையைக் கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம், அந்த ஸ்டூலில் இனி ஒருநாளும் பிள்ளையை உட்கார விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"போயிட்டு வாங்க" என்றார் பெரியண்ணன், ஆபரேஷனுக்கு அனுப்புகிற குரலில்.

அவள் ஒரு தாளையும் கையோடு எடுத்துக்கொண்டாள். புரோகிராமில் யார் எதை எந்த நிமிஷம் எழுதினார்கள், யார் எதை அழித்தார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிவிடுகிற தொழில் இது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதிவுகளைத்தான் குடைந்து எடுத்திருந்தாள்.

முதலாளி கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குத் திரையையும் இழுத்துவிட்டார். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"தினமும் அஞ்சு மணிக்குக் கிளம்பிடறீங்களாமே?"

"ஆமா சார். சேரும்போதே சொல்லிட்டுத்தான் சேர்ந்தேன். இனிமேயும் அஞ்சு மணிக்குத்தான் கிளம்புவேன். அதுக்காக நான் வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. அதுக்கு முன்னாடி இதை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க."

தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் சேர்ந்த இந்த ஒரு மாசம் பூரா ஆறு மணிக்கு மேல இந்த ஆபீஸ்ல எழுதின புரோகிராம் மொத்தமே நாலு வரி சார். அந்த நாலையும் மறுநாள் காலையில அழிச்சிருக்காங்க. நான் எழுதினது கீழே இருக்கு. ஒரு வரிகூட அஞ்சு மணிக்கு மேல எழுதினது இல்ல."

அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். மனசு அடுத்த இன்டர்வியூவுக்கே போய்விட்டது.

"நாலே வரியா?"

"நாலே வரி."

"அப்ப ஒன்பது மணி வரைக்கும் எல்லாரும் என்னதான் பண்றாங்க?"

"நீங்க எப்ப எழுந்திரிப்பீங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க சார்."

முதலாளி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பிறகு திரையை விரல் நுனியால் விலக்கி, வெளியே குனிந்திருந்த பதினோரு தலைகளையும் பார்த்தார்.

"அவங்க எப்ப எழுந்திரிப்பாங்கன்னுதாங்க நான் ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன். ஆறு மணிக்கு மேல எனக்கும் இங்க ஒரு வேலையும் கிடையாது. முதலாளியே முதல்ல கிளம்பினா, கம்பெனியை மூடப் போறாங்கன்னு நினைச்சு எல்லாரும் வேற இடம் தேடிடுவாங்களோன்னு பயம்."

அவளும் திரை இடுக்கு வழியாக அந்தத் தலைகளை எட்டிப் பார்த்தாள்.

"உங்க வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்களை நிரந்தரமாக்கற லெட்டர்ல போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு. கூப்பிட்டது வேற விஷயத்துக்கு." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அஞ்சு மணிக்குக் கிளம்பும்போது, வெளியில ஏதோ முக்கியமான வேலை இருக்குன்னு எல்லாருக்கும் கேட்கற மாதிரி என்னையும் கூப்பிட்டுட்டுப் போயிடுங்களேன். தனியா எழுந்து போக எனக்குத் தைரியம் வரலீங்க."