எதிர்ப் பட்டறை

சாயப்பட்டறையின் கடைசித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்த நடுவர் அம்மா அசந்துபோனார். சாயக் கழிவு சுத்தமாகி வந்து சேரும் அந்தத் தண்ணீரில் அடித்தரையின் கீறல்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தத் தண்ணியவே திரும்பச் சாயம் போட எடுத்துக்கறாங்க. ஆத்துக்கு ஒரு சொட்டு போறதில்ல," என்றார் சுற்றிக் காட்டியவர்.

"முதலாளி எங்கே?"

"அதோ, பம்ப்புக்கு அடியில படுத்து நட்டு முடுக்கிட்டிருக்கார். நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும் அவருக்கு. விருதுக்கு விண்ணப்பமே நான்தான் போட்டேன்."

சுற்றுச்சூழல் விருதுக்காக அந்த அம்மா ஏறி இறங்கிய ஆலைகள் கொஞ்சமல்ல. வாய் கிழியப் பேசியவர்களையும், பக்கத்து ஆலையைப் போட்டுக்கொடுத்தவர்களையும் நிறையப் பார்த்திருந்தார். முதலாளிக்காக இப்படி உருகும் மேனேஜரை இப்போதுதான் பார்க்கிறார்.

"விருது கிடைச்சா வெளிநாட்டு ஆர்டர் குவியும். உங்க சம்பளமும் கூடும், இல்லையா?"

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு யாருங்க சம்பளம் தர்றது? எதிர்ல பச்சை கேட் தெரியுதுல்ல, அந்தப் பட்டறை என்னோடது. நாளைக்கு நீங்க பாக்க வரப்போறது அங்கதான்."

"நீங்களும் போட்டியில இருக்கீங்களா? இவர் ஜெயிச்சா ஆர்டரெல்லாம் உங்க கைய விட்டுப் போயிடுமே!"

"போகும்தான். ஆனா என் தண்ணி இன்னும் இந்த அளவுக்குத் தெளியலைங்க. இதைப் பாக்காம விருதை எனக்குக் கொடுத்துட்டீங்கன்னா, நான் எப்படிங்க தினமும் இவர் மூஞ்சியில முழிக்கறது?"

நடுவர் அம்மா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார்.