கப்பல்காரர்களுக்குக் காட்டும் வீடு

என் கணவர் எங்கள் வீட்டுக்குள் கடைசி ஆளாக வந்தார். அவருக்கு முன்னால் இருபது வெள்ளைக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் '9' என்று எழுதிய பலகை. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் வந்தவர்களைத் தொலைத்துவிடாமல் திரும்பக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அன்றைக்கு அவருடைய வேலை.

மற்ற நாட்களில் அதே கப்பலில் சாப்பாட்டுத் தட்டு எடுக்கிறவர். கொழும்பில் கப்பல் ஒரு பகல் நிற்கும், ஒரு பஸ் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஹந்தானைத் தோட்டத்துக்கும் போகும் என்று தெரிந்ததும், யார் யாரையோ கெஞ்சி அந்தப் பலகையை வாங்கியிருக்கிறார். ஹந்தானையில் 'தேயிலைத் தொழிலாளி வீடு' என்று அவர்களுக்குக் காட்டுவது, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவைத்தான்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத கிருஷாந்தி. கப்பல் மேனேஜர் கூடவே வாராரு" என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்.

வேலை நேரத்தில் சொந்த வீட்டுக்குப் போகிறவர்களை அடுத்த தடவை கப்பலில் எடுக்க மாட்டார்களாம். வேலையே சொந்த வீட்டுக்கு வருவதாக இருந்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை போலும்.

நானும் வேலையில்தான் இருந்தேன். கண்டி டவுனில் மருந்துக் கடையில் நிற்கிற நான், கப்பல் வரும் நாளில் லீவு போட்டுவிட்டு முதுகில் கூடை மாட்டிக்கொள்வேன். பிறந்ததிலிருந்து ஒரு கொழுந்து கிள்ளியது கிடையாது. கேஸ் அடுப்பு கட்டிலுக்கு அடியில் போய்விடும். டீவி பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்காவிடம் போய்விடும். பிரிட்ஜைத் தூக்கத்தான் ஆள் இல்லை. அதற்கு என் கல்யாணப் பட்டுச் சேலையைச் சுற்றி, மேலே பிள்ளையார் படத்தை வைத்திருந்தோம்.

டவுனிலிருந்து வரும் கைட் ரஸீன் இங்கிலீஷில் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். உலகத்தின் கண்ணில் படாத தீவு, கடல் சூழ்ந்த மக்கள். இங்கிருந்து கடலுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். என் மகள் இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

பேச்சின் நடுவில் பிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கிவிட்டு முனகத் தொடங்கியது.

தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ரஸீன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். உடனே எல்லோரும் குனிந்தார்கள். மேனேஜருக்குப் பக்கத்தில் நின்று என் கணவரும் பிரிட்ஜைக் கும்பிட்டார். அவர் அனுப்பிய காசில் வாங்கிய பிரிட்ஜ்.

நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். டீவி இருந்த இடத்தில் முறம் தொங்கியது. விற்றுவிட்டேன் என்றே நினைத்துவிட்டார் மனுசன், முகம் விழுந்துவிட்டது. வாய் திறந்து சொல்லவும் முடியாமல் நான் தவித்தேன். நல்ல வேளையாக, அழகம்மா அக்காவுக்கு டீவி நாடகம் பார்க்காமல் இருக்க முடியாது. தடுப்புச் சுவருக்கு மேலால் ஒரு மாமியாரும் மருமகளும் கத்துவது கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர் டீவியைப் பார்க்கவா வந்தார்? என்னைப் பார்க்கக்கூட இல்லை. மகளைப் பார்க்க வந்தார்.

அவர் கப்பலேறும்போது தக்ஷிகாவுக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. போனில் அவருக்கு உடம்பே கிடையாது. கப்பல் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிற பெரிய முகம் மட்டும்தான். கறுப்புக் கண்ணாடி போட்டு, கையும் காலுமாக நிற்கிற இந்த நெட்டை ஆளை அவளுக்கு எப்படித் தெரியும்?

'அப்பா' என்று கத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கத்தாமலே இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. வாசலில் நின்று எல்லோருக்கும் செம்பருத்திப் பூ கொடுத்தவள், அவருக்கும் ஒன்று கொடுத்து, எல்லோருக்கும் சொன்னது போலவே "வெல்கம்" என்று சொல்லியிருந்தாள்.

தொப்பிப் பாட்டி தன் போனை அவரிடம் நீட்டி, எங்களோடு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தார். பிறகு பாட்டிக்கு அவர்மேல் என்ன இரக்கமோ, பலகைக்காரர் பாவம் என்று அவரையும் எங்கள் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். அழுகை வந்தால் சிரிக்கவேண்டும் என்பது அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. அந்தப் படம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறதோ.

வெளியே போகும்போது ரஸீன் எப்போதும் ஒன்று செய்வார். இந்த ஊரில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், அது கூடாது என்று விளக்கி, எல்லோரையும் வாசலில் நிறுத்தி "போயிட்டு வாரேன்" என்று சொல்லப் பழக்குவார். அவர்களும் நாக்கைச் சுழற்றி, தக்ஷிகாவிடம் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். அப்படிச் சொன்ன ஒருவரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

கடைசியாக என் கணவர் அவளிடம் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போயிட்டு வாரேன்டா" என்றார், மெல்ல.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள், மற்றவர்களிடம் சொன்ன அதே ராகத்தில். மேனேஜர் பஸ்ஸிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். அவர் ஓடினார்.

பஸ் தேயிலைக்கு நடுவில் வளைந்து மறைந்தது. நான் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தக்ஷிகா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கும் ரஸீன் மாமாதான் அத சொல்லிக் குடுத்தாங்களா?"