கையெழுத்துப் போட்டவர் ஏற வேண்டும்

மாப்பிள்ளை சீட் பெல்ட்டை இறுக்கிக் கட்டினான். பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

அந்தச் சின்ன விமானத்துக்கு ஒரே கதவுதான், அதுவும் அவன் பக்கம். மாமனார் முதலில் ஏறி, விமானி இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி ஓடுவதென்றால் அவனால்தான் முடியும். ஆனாலும் மாட்டிக்கொண்டிருந்தது அவன்.

விமானம் மாமனாருடையது. மெக்கானிக், மாப்பிள்ளை. வருடாந்திரச் சோதனை, இன்சூரன்ஸ், பறக்கத் தகுதி உண்டு என்கிற சான்றிதழ், ஒரு திருகாணியை மாற்றினால்கூட அதற்கொரு பதிவு, எல்லாம் அவன் தலையில். மாமனார் எந்தத் தாளையும் புரட்டிப் பார்த்தவரல்ல. தாள் பொய் சொல்லும், உயிர்ப்பயம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். சோதனை முடித்துக் கையெழுத்துப் போட்டவர், அடுத்து விமானம் மேலே போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

நல்ல சட்டம்தான். பயந்தாங்கொள்ளிகளிடம் சரியாக வேலை செய்யும். மாப்பிள்ளையும் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் அவன் பயந்தது மாமனாருக்கு.

நேற்று வால் பகுதியைத் திறந்து, அதை அசைக்கிற கேபிளின் மேல் வழக்கம்போலத் துணியை வைத்து உருவினான். நல்ல கேபிளில் துணி வழுக்கிக்கொண்டு போகும். இழை அறுந்திருந்தால் சிக்கும்.

சிக்கியது.

புதுக் கேபிள் வர வாரக்கணக்கில் ஆகும். மாமனாரோ இன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் பறந்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

போன வருடம், டயர் தேய்ந்துவிட்டது, பறக்கக் கூடாது என்று சொல்லித் தொலைத்தான். மாமனார் சத்தம் போடவில்லை. அதன்பிறகு பல மாதம், சொந்தக்காரர்கள் நிறைந்த சாப்பாட்டு மேசையில் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடாமல், அதிகாரி ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குடியிருக்கும் வீடு அவருடையது. வேலை பார்க்கும் கொட்டகை அவருடையது. கட்டியவள் அவர் பெண். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கேபிள் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு தடவை தாங்கும், திரும்பி வந்ததும் எதையாவது சொல்லி நிறுத்திவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். தாங்காவிட்டால், இரண்டு பேருமே அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வரப்போவதில்லை.

கண்ணாடிக்கு வெளியே யாரோ கையசைப்பது தெரிந்தது. அவன் மனைவி. கொட்டகைப் பக்கமிருந்து வேகவேகமாக வந்தாள். விமானம் வாங்கிய நாளிலிருந்து அதன் நிழலில்கூட நிற்காதவள், தானும் பெரியப்பா வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்பிள்ளையே உக்காந்தாச்சு, இனி உனக்கென்ன பயம்? ஏறும்மா."

பின்னிருக்கைக்குப் போக அவன் இறங்கி வழிவிட வேண்டும். இறங்கினான். தன் சீட்டை முன்னால் மடக்கினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சீட்டைப் பார்த்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தவளுக்கு பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. அவனே கையை நீட்டி மாட்டிவிட்டான். கொக்கி விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மறுபடி ஏறினான். கதவைச் சாத்தினான். மாமனாரின் கை சாவிக்குப் போனது.

"மாமா, வேண்டாம். வால் கேபிள் இழை விட்டிருக்கு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மாமனார் சாவியிலிருந்து கையை எடுத்தார். தெரிந்தேவா பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தான். அவருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. கதவைத் திறக்கச் சொன்னார். அவன் இறங்கி வழிவிட்டதும், யாரையும் பார்க்காமல் இறங்கிக் கொட்டகையை நோக்கி நடந்தார்.

அவள் இன்னும் பின்னிருக்கையிலேயே இருந்தாள். பெல்ட்டைக் கழற்றவும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் குனிந்து கழற்றும்போது அவள் கை சில்லிட்டிருந்தது.

காலையில் அவள் கேட்காமலே பீரோ சாவி இருக்குமிடத்தை அவன் சொல்லிவிட்டு வந்தானாம். அப்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதாம். தனக்காக வாயைத் திறக்காத மனிதர், எனக்காகவாவது திறப்பார் என்று நம்பித்தான் ஏறினேன் என்றாள்.

நான் சொல்லாமலே விட்டிருந்தால் என்று கேட்டான்.

"அதுக்குத்தான் அந்தச் சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு வந்தேன்" என்றாள்.